கல்லறைக் கல் காட்டிய ஆழம்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடற்கரை நீள்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாக நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. தென்புறம் மெரினா அகன்றது. வடபுறம் கடல் ஊரை அரிக்கத் தொடங்கியது. அந்த அரிப்பைத் தடுக்க வடசென்னைக் கரைநெடுகப் பெரும்பெரும் கற்கள் கொட்டப்பட்டுள்ளன. வெயிலில் கருமையாகவும், அலை நனைத்ததும் நீலங்கலந்த பசுமையாகவும், எண்ணெய் பூசியது போன்ற மினுக்கத்துடனும் அவற்றுட் பல தோன்றும். மக்கள் அவற்றைக் கருங்கல் என்பர். அம்மியும் ஆட்டுக்கல்லும் வாயிற்படியும் ஆகும் அதே கருங்கல்தான்.

வடசென்னையில் இந்தக் கல் பிறக்கவில்லை. அந்நிலம் கடல் ஒதுக்கிய மணலாலும் கொற்றலையாறு முதலிய ஆறுகள் கொணர்ந்த வண்டலாலும் ஆனது. கல் வேண்டுமெனில் தெற்கிலும் மேற்கிலும் உள்ள குன்றுகளை நாட வேண்டும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் ஆகிய குன்றுகளும் செங்கல்பட்டுப் பகுதியின் பாறைகளும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்திற்கு உலகெங்கும் வழங்கும் பெயர் சார்னோகைட்டு. இப்பெயரைச் சூட்டியவர் இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து. அவர் பெயரிடக் காரணமாக இருந்ததோ, சென்னைக்கு ஆயிரம் மைல் அப்பால் கல்கத்தாவில் கிடந்த ஒரு கல்லறைக் கல்.

கார்ன்வாலிலிருந்து கல்கத்தாவுக்கு

ஹாலந்து 1868ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் மாவட்டத்தின் ஹெல்ஸ்டன் ஊரில் பிறந்தார். கிரானைட்டும் வெள்ளீயச் சுரங்கங்களும் நிறைந்த மாவட்டம் அது. ஹெல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள லிசார்டு தீபகற்பத்தில், புவியோட்டிற்கும் கீழிருந்து மேலெழுந்த பாறைகள் கடற்கரையிலேயே வெளிப்பட்டுக் கிடக்கின்றன. ஆழத்துப் பாறைகளை ஆராய்வதில் தம் வாழ்வின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஒருவர் அத்தகைய ஊரில் பிறந்தது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

அவருடைய பெற்றோர் பின்னர்க் கனடாவின் மானிட்டோபா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து வேளாண்மை செய்தனர். ஹாலந்து 1884இல் உதவித்தொகை பெற்று இலண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜான் வெஸ்லி ஜட் என்னும் பேராசிரியரிடம் பாறையியல் பயின்றார். பாறையை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் முறையை ஹென்றி சோர்பி என்பவர் நிலைநாட்டி முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கல்லைச் சுத்தியலால் உடைத்துக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லி வந்த துறை, கல்லின் உள்ளே நுழைந்து பார்க்கத் தொடங்கியிருந்தது. ஹாலந்து அப்புதிய முறையில் தேர்ந்தார். 1888இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் ஆய்வுப் பொறுப்பு கிடைத்தது.

1890இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உதவிக் கண்காணிப்பாளராக நியமனம் பெற்றுக் கல்கத்தா வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. துறையின் அருங்காட்சியகமும் ஆய்வகமும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. நாடெங்கும் அலைந்த ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக அனுப்பிவைத்த கற்கள் அங்கே குவிந்திருந்தன. பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தனவே தவிர, அவற்றுட் பெரும்பாலானவை நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படாதவை. பிரசிடென்சி கல்லூரியில் புவியியல் கற்பிக்கும் பணியும் ஹாலந்திடம் வந்தது.

ஒரு வணிகரின் சமாதி

கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் எண்கோண வடிவக் கல்லறை மண்டபம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கும்பெனியின் முகவராக இருந்த ஜாப் சார்னாக் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். வங்காளத்தில் முகலாயருடன் ஏற்பட்ட பூசலில் தோற்ற கும்பெனியார் சென்னைக்கு வந்து தங்கியபோது சார்னாக்கும் உடன் வந்திருந்தார். அவருடைய மூன்று மகள்களுக்கும் 1689இல் புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் திருமுழுக்கு நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள் அவர் ஹூக்ளி ஆற்றங்கரையின் சுதாநுட்டி ஊரில் மீண்டும் இறங்கினார். கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவர் அவரே என்னும் கூற்று நெடுங்காலம் நிலவியது. ஏற்கெனவே அங்கே ஊர்கள் இருந்தன என்பதனால் அவரை நகரின் நிறுவனராகக் கொள்ளலாகாது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. நகரத்தின் வரலாற்றில் அவர் பெற்றிருந்த இடம் போயிற்று. பாறையின் பெயரில் பெற்ற இடம் போகவில்லை.

சார்னாக்கின் கல்லறையை மூடியிருந்த கரிய பலகைக்கல்லில் இலத்தீன் மொழியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைப் படித்தவர் பலர். ஹாலந்து எழுத்தை விடுத்துக் கல்லைப் பார்த்தார். கல்கத்தா, வடசென்னையைப் போலவே, கல்லற்ற நிலம். கங்கையின் வண்டல் பல நூறு மீட்டர் ஆழத்திற்குப் படிந்த சமவெளியில் அந்நகர் நிற்கிறது. ஆகவே அங்குள்ள ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

விடையைச் சொல்லக் கல்லின் சிறு துண்டு போதுமானதாக இருந்தது. துண்டைத் தேய்த்துத் தேய்த்து ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனமுள்ள சீவலாக்கினால், கரும்பாறையும் கண்ணாடியைப் போல ஒளியை விடும். முனைவாக்கிய ஒளியில் அச்சீவலை வைத்துச் சுழற்றினால், ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறத்தையும் நிழலையும் காட்டும். ஹாலந்து கண்டவை குவார்ட்சு, ஃபெல்ஸ்பார், சிறிதளவு இரும்புத் தாது. இவை மூன்றும் கிரானைட்டில் எதிர்பார்க்கத் தக்கவையே. நான்காவதாக ஒன்றும் இருந்தது. சுழற்றும்போது இளஞ்சிவப்பிலிருந்து பசுமைக்கு நிறம் மாறிய அக்கனிமத்தின் பெயர் ஹைப்பர்ஸ்தீன்.

இது வியப்புக்குரியது. வழக்கமான கிரானைட்டில் கரும்புள்ளிகளாகத் தெரிவன கருமைக்காவும் ஹார்ன்பிளெண்டும். அவ்விரு கனிமங்களும் தம் கட்டமைப்பிலேயே நீரைப் பிணைத்து வைத்திருப்பவை. ஹைப்பர்ஸ்தீனில் நீர் இல்லை. கிரானைட்டின் மற்ற உறுப்புகளெல்லாம் இருக்க, நீர் கொண்ட கனிமங்களின் இருக்கையில் நீரற்ற கனிமம் அமர்ந்திருந்தது. இதே சேர்க்கையும், நீலச்சாயல் கொண்ட இதே குவார்ட்சும் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரக் குன்றுகளின் பாறையில் இருப்பதை ஹாலந்து அறிந்திருந்தார். கல்லறைக் கல்லின் ஊர் தெரிந்துவிட்டது. சென்னையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து, தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சரக்கேற்றிவந்த கடற்கரை அது. கடலைத் தாண்டிச் சென்ற எத்தனையோ சென்னைக் கற்களுள் ஒன்றே இந்தப் பலகைக்கல்.

சார்னாக் கல்லறைக் கல்லின் பாறையியல் குறித்து ஹாலந்து எழுதிய கட்டுரை 1893இல் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஹைப்பர்ஸ்தீன் கொண்ட அக்கிரானைட்டு வகைக்குச் சார்னாக்கின் நினைவாகச் சார்னோகைட்டு எனப் பெயரிட்டார். அந்தப் பாறைக்குப் பரங்கிமலையின் பெயரையோ பல்லாவரத்தின் பெயரையோ இட்டிருக்கலாமே என்று தமிழ் மாணவர்க்குத் தோன்றுவது இயல்பு. பல்லாவரக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை சார்னாக்கினும் ஆயிரம் ஆண்டு மூத்தது. பாறைக்கும் சார்னாக்குக்கும் இருந்த தொடர்பு அவர் அதன்கீழ்க் கிடந்தார் என்பது மட்டுமே. அறிவியலில் பெயர்கள் தகுதியால் அமைவதில்லை. எது முதலில் அச்சேறியதோ அது நிலைத்துவிடுகிறது.

வெள்ளம் வரும் மாதம்

அதே 1893ஆம் ஆண்டு இமயமலையின் கார்வால் பகுதியில், கோனா என்னும் சிற்றூர் அருகே ஒரு மலைப்பக்கம் சரிந்து விழுந்து ஆற்றை அடைத்தது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு இயற்கையே அணை கட்டிவிட்டது. அணைக்குப் பின்னால் ஏரி பெருகலாயிற்று. கீழே ஆற்றோரமாகப் பத்திரிநாத் செல்லும் யாத்திரைப் பாதையும் பாலங்களும் ஊர்களும் இருந்தன. ஏரி எப்போது உடையும்? 1894இன் தொடக்கத்தில் நேரில் சென்று அளவிட்ட ஹாலந்து, அணை உறுதியாக இருப்பதால் நீர் விளிம்பு வரை நிறையும் வரை ஆபத்தில்லை என்றும், மழைக்காலத்தின் நடுவே, ஆகஸ்டில், நீர் வழியும் என்றும் கணித்தார். அதற்கேற்பப் பாலங்கள் அகற்றப்பட்டன. தந்திக் கம்பிகள் இழுக்கப்பட்டன. மக்கள் மேட்டுநிலத்திற்கு அனுப்பப்பட்டனர். ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு அணை உடைந்தது. கார்வாலின் சீநகர் அடித்துச் செல்லப்பட்டது. எச்சரிக்கையை மீறி அணையின் அடிவாரத்திற்குத் திரும்பிச் சென்ற ஒரு துறவியின் குடும்பத்தார் ஐவரைத் தவிர வேறெவரும் உயிரிழக்கவில்லை. கல்லைப் படிப்பதால் ஆகும் பயன் யாதென வினவுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

ஒரே தாயின் மக்கள்

இமயத்திலிருந்து திரும்பிய ஹாலந்து மீண்டும் தென்னிந்தியப் பாறைகளில் மூழ்கினார். பரங்கிமலைப் பாறையோடு ஒத்த பாறைகள் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் பழனி மலையிலும் பரந்து கிடந்தன. முன்னர் இப்பகுதிகளை நடந்தளந்த வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் முதலியோர் காலத்தில் இவை நைஸ் என்னும் உருமாறிய பாறைகளின் பொதுப்பெயருக்குள் அடங்கியிருந்தன. நீலகிரி நைஸ் என்ற வழக்கும் இருந்தது. இந்த ஃபூட்தான் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். ஒரே குன்றுப்பகுதி மனித வரலாற்றின் தொடக்கத்தையும் புவி வரலாற்றின் தொடக்கத்தையும் இருவேறு அறிஞர்க்குக் காட்டியிருக்கிறது.

1900ஆம் ஆண்டு ஆய்வுத் துறையின் நினைவேட்டுத் தொகுதியில் சார்னோகைட்டு வரிசை பற்றிய ஹாலந்தின் பெருங்கட்டுரை வெளியாயிற்று. குவார்ட்சு மிகுந்த, வெளிறிய சார்னோகைட்டு ஒரு முனை. குவார்ட்சே இல்லாத, கனமான, கரிய பாறை மறுமுனை. முன்னது நீரைவிட இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைந்த எடையுடையது. பின்னது மூன்றே கால் மடங்கையும் விஞ்சும். இடையே படிப்படியாக மாறும் பாறைகள். தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்டும், இவை அனைத்திலும் ஹைப்பர்ஸ்தீன் இழையோடியது. ஒரு குடும்பத்தாரின் முகத்தில் ஒரே மூக்கைக் காண்பது போன்றது இது. ஒரு நிலப்பரப்பின் தீப்பாறைகள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து உறவுச்சாயல் காட்டும் என்று ஹாலந்தின் ஆசிரியர் ஜட் முன்பே கூறியிருந்தார். மாணவர் அதனைத் தென்னிந்தியாவில் பொருத்தினார். உருகிய ஒரே பாறைக்குழம்பு மெல்லக் குளிரும்போது பிரிந்து பிரிந்து இவ்வரிசை உண்டாயிற்று. ஆகவே சார்னோகைட்டுகள் தீப்பாறைகள் என்பது அவர் முடிவு. சுற்றியுள்ள பாறைகளுக்குள் இவை நாக்குநாக்காக நுழைந்திருந்ததையும், அயற்பாறைத் துண்டுகளைத் தம்முள் சிறைப்பிடித்திருந்ததையும் சான்றாகக் காட்டினார்.

அடுத்த ஆண்டு காங்கேயத்திற்கு அருகிலுள்ள சிவன்மலையின் அரிய பாறைகளைப் பற்றி இன்னொரு நினைவேடு வந்தது. அங்கேயும் குருந்தக்கல் விளைந்த விதத்தை விளக்கியவர் அவரே. இந்தியாவின் குருந்தக்கல், அப்பிரகம் ஆகியவற்றைப் பற்றியும் தனி நூல்கள் எழுதினார்.

பதவிகள்

1903இல் முப்பத்துநான்கு வயதில் ஹாலந்து ஆய்வுத் துறையின் இயக்குநரானார். மறு ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் அவர் கையில் நுண்ணோக்கி தங்கிய பொழுது குறைவு. நாட்டின் கனிம விளைவைக் கணக்கிடுவதிலும் சுரங்கத் தொழிலுக்கு ஒழுங்கமைப்பதிலும் நாள்கள் சென்றன. 1909இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தாயகம் திரும்பினார்.

முதல் உலகப்போர் அவரை மீண்டும் இந்தியாவுக்கு அழைத்தது. 1916இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழில் ஆணையத்திற்குத் தலைவரானார். மதன்மோகன் மாளவியா, தொராப்ஜி டாட்டா, இராசேந்திரநாத் முகர்ஜி, சென்னை மாகாணத்தில் தொழில் வளர்த்த ஆல்பிரட் சாட்டர்டன் ஆகியோர் அதில் இருந்தனர். தொழில் வளர்ச்சியில் அரசு ஒதுங்கி நிற்றல் கூடாது என ஆணையம் 1918இல் பரிந்துரைத்தது. மாளவியா அதிலும் நிறைவுறாமல் தம் மாற்றுக்கருத்தைத் தனியே விரிவாக எழுதி இணைத்தார். இந்தியத் தொழில்கள் நலிந்ததற்கான காரணத்தை ஆணையத்தைவிட மாளவியா நேராகச் சொன்னார் என்பதை அவ்வறிக்கையைப் படிப்போர் உணர்வர்.

போர்த்தளவாட வாரியத்தின் தலைமை, பின்னர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பாண்மை என ஹாலந்து உயர்ந்தார். போர்க்கால வழங்கலில் மோசடி நடந்ததாகக் கல்கத்தாவில் தொடரப்பட்ட ஒரு வழக்கு, வணிக உலகம் குலையும் என்னும் அச்சத்தால் அவர் பொறுப்பில் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு எழுந்த கடுங்கண்டனத்தின் விளைவாக 1921இல் அவர் பதவி விலக நேர்ந்தது. வெள்ளத்தின் மாதத்தைப் பிழையாது கணித்தவர் மக்கள் கருத்தின் வேகத்தைக் கணிக்கத் தவறினார். அதன்பின் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவராக 1922 முதல் 1929 வரையும், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வராக 1944 வரையும் பணியாற்றினார். இந்தியா விடுதலை பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 மே மாதம் 15ஆம் நாள் மறைந்தார்.

முடிவு மாறியது

சார்னோகைட்டு தீப்பாறை என்னும் ஹாலந்தின் முடிவு அவர் வாழ்நாளிலேயே ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஃபின்லாந்தின் பென்டி எஸ்கோலா, ஒரு பாறையில் சேர்ந்து நிற்கும் கனிமங்கள் அது பட்ட வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டும் அளவுகோல்கள் என நிறுவினார். அந்த அளவுகோலின்படி ஹைப்பர்ஸ்தீன் உயர்ந்த வெப்பத்தில், நீர் அரிதான சூழலில் பிறப்பது. உருகாத பாறையும் அச்சூழலில் நெடுங்காலம் கிடந்தால், அதிலுள்ள கருமைக்காவும் ஹார்ன்பிளெண்டும் நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறக்கூடும். எனில் சார்னோகைட்டு குழம்பிலிருந்து உறைந்ததா, திடநிலையிலேயே உருமாறியதா?

ஹாலந்தின் துறையில் பணியாற்றிய லூயி ஃபெர்மோர் 1936இல் இந்திய வரைபடத்தில் ஒரு கோடு வரைந்து, சார்னோகைட்டு உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் பிரித்துக் காட்டினார். மைசூர்ப் பாறைகளை ஆராய்ந்த பி. இராமராவ் 1945இல் சார்னோகைட்டு உருமாற்றத்தால் விளைந்தது என வாதிட்டார். இங்கிலாந்தின் இராபர்ட் ஹோவி 1955இல் சென்னைச் சார்னோகைட்டுகளின் வேதியியலை நுணுகி ஆராய்ந்தார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரப் பகுதியையே மறுபடியும் அடியடியாக அளந்து, ஹாலந்தின் வரிசையை உடைத்தார். வெளிறிய பாறைகளும் கரிய பாறைகளும் ஒரே தாயின் மக்கள் அல்லர். வெவ்வேறு பிறப்புடைய பாறைகள் ஒரே சூழலில் அகப்பட்டு ஒரே சாயல் பெற்றன என்பது அவர் கண்டது. ஒத்த மூக்கைக் கண்டு உறவென்று கொண்டார் ஹாலந்து. ஒரே உலையில் வெந்ததால் வந்த நிறம் அது என்றார் சுப்பிரமணியம்.

மறு ஆண்டு சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கனகபுரம் அருகேயுள்ள கப்பால்துர்காவிலிருந்து கொணர்ந்த செய்தி இன்னும் வியப்பளித்தது. அங்கே சாம்பல்நிற நைஸ் பாறையில், துணியில் எண்ணெய் பட்ட கறை பரவுவது போல, பசுங்கருமையான சார்னோகைட்டுத் திட்டுகள் காணப்பட்டன. நைஸின் பட்டைக்கோடுகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி மறைந்தன. சார்னோகைட்டு உருவாகிக்கொண்டிருக்கையிலேயே நின்றுபோன காட்சி அது. குழம்பு அங்கே பாயவில்லை. நின்ற பாறை நின்ற இடத்திலேயே வேறாயிற்று.

நீரை வெளியேற்றியது எது? 1971இல் ஜாக் டூரே நார்வே நாட்டின் ஆழத்துப் பாறைகளின் குவார்ட்சுக்குள் மிகச் சிறு குமிழிகளில் கரியமிலவளி சிறைப்பட்டிருப்பதைக் கண்டார். தென்னிந்தியச் சார்னோகைட்டிலும் அத்தகைய குமிழிகள் உள்ளன. கீழிருந்து எழுந்த கரியமிலவளி நீராவியை நீர்க்கச் செய்து விரட்டியது என்னும் விளக்கத்தை இராபர்ட் நியூட்டனும், கப்பால்துர்காவை ஆராய்ந்த ஏ. எஸ். ஜனார்த்தனும் உடன் உழைத்தோரும் 1980களில் வளர்த்தனர். மற்றொரு விளக்கம் கிரானைட்டோடு தொடர்புடையது. ஆழத்தில் பாறை ஓரளவு உருகும்போது நீர் உருகலில் கரைந்துகொள்ளும். இலேசான அவ்வுருகல் மேலே ஏறி நடுமேலோட்டில் கிரானைட்டாக உறையும். நீரை இழந்த எச்சம் கீழே சார்னோகைட்டாக நிற்கும். கப்பால்துர்காவுக்கு அருகே, இராமநகரம் வழியாக வடக்கே நீளும் குளோஸ்பேட்டை கிரானைட்டு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது. சார்னோகைட்டுத் திட்டுகளும் அக்காலத்தனவே. இவ்விரு விளக்கங்களில் எது எங்கே பொருந்தும் என்னும் ஆய்வு முற்றுப்பெறவில்லை.

ஆழத்தின் அளவு

கனிமங்களின் வேதியியலைக் கொண்டு வெப்பமும் அழுத்தமும் கணக்கிடப்பட்டபோது, சென்னைச் சார்னோகைட்டு 700 முதல் 850 பாகை செல்சியஸ் வரை வெந்தது என்பதும், அப்போது 20 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தது என்பதும் தெரியவந்தன. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை இரசியாவின் கோலாவில் உள்ளது. பல்லாண்டு முயன்றும் 12,262 மீட்டரோடு அது நின்றுவிட்டது. அத்துளை எட்டாத ஆழத்தைப் பல்லாவரம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து சென்று தொடலாம். மேலிருந்த 20 கிலோமீட்டர்ப் பாறையும் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போயிற்று. சுமை குறையக் குறையக் கீழ்நிலம் மிதந்தெழுந்தது. அதற்குப் பல கோடி ஆண்டுகள் சென்றன.

இவ்வரிப்பு எங்கும் ஒரே அளவில் நிகழவில்லை. தென்னிந்தியாவின் பழம்புவியோடு சாய்ந்த நிலையில் வெட்டுண்டு கிடக்கிறது. வடகர்நாடகத்தில் மேலோட்டின் மேற்பகுதியில் உருவான பாறைகள் காணப்படுகின்றன. தெற்கே வர வர ஆழத்தில் வெந்த பாறைகள் தோன்றுகின்றன. பெல்லாரியிலிருந்து சேலத்திற்குப் பயணம் செய்பவர், ஏறியும் இறங்கியும் செல்லும் சாலையில், தம்மையறியாது புவியோட்டின் மேல்மாடியிலிருந்து நிலவறைக்கு இறங்கி வருகிறார். சென்னைப் பாறைகளும் நீலகிரியும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வெப்பத்தைக் கண்டவை. பாலக்காட்டுக் கணவாயையும் காவிரியையும் ஒட்டிய நொறுங்கு மண்டலத்திற்குத் தெற்கே, மதுரை முதல் கன்னியாகுமரி வரையுள்ள சார்னோகைட்டுகளில் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பத்தின் பதிவு மேலோங்கி நிற்கிறது. கண்டங்கள் மோதி இணைந்து கோண்டுவானா உருவான காலம் அது. கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றும் இரு கருங்கற்களுக்கிடையே ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டு வேறுபாடு இருக்கலாம்.

ஹாலந்துக்கு இவை எதுவும் தெரியாது. கதிரியக்கத்தால் பாறையின் வயதை அறியும் முறை அவர் கட்டுரை எழுதியபோது பிறக்கவில்லை. அவர் தந்த விளக்கத்தில் பெரும்பகுதி திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அவர் எழுதிய வருணனை, இன்ன கனிமங்கள், இன்ன அளவில், இன்ன இடத்தில் என்னும் பதிவு, திருத்த வேண்டாததாக நிற்கிறது. ஹோவியும் சுப்பிரமணியமும் அவரை மறுக்கப் புறப்பட்டபோது கையில் எடுத்துச் சென்றது அவருடைய நூலையே. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. சுற்றியிருந்த குன்றுகளுட் பல கல்லுடைப்பில் கரைந்துவிட்டன. இலங்கையின் நடுமலைநாட்டிலும், மடகாஸ்கரிலும், சுவீடனின் வார்பெர்க் கடற்கரையிலும், அண்டார்க்டிகாவின் மாசன் ஆய்வு நிலையத்தின் அடியிலும் ஹைப்பர்ஸ்தீன் கொண்ட கிரானைட்டு வகைப் பாறையைக் கண்ட ஆய்வாளர், சென்னையைக் கண்டிராதவராயினும், தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த பெயர் சார்னோகைட்டு என்பதே.